ரிசர்வில் ஓடும் வண்டியும் தவக்குல் என்னும் சொல்லும்



நம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "வண்டி ரிசர்வில்தான் ஓடுகிறது. அல்லாஹ் போதுமானவன், போய்ச் சேர்ந்துவிடுவோம்." காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்குப் புறப்படுபவரும் இதைச் சொல்கிறார், வேம்பார், சாயல்குடி வழியாகக் கீழக்கரைக்குத் திருமணத்துக்குச் செல்பவரும் சொல்கிறார். சொல்பவர் தம்மைத் தவக்குல் உடையவராகவே கருதிக்கொள்கிறார். அந்தச் சொல் அந்த இடத்துக்குப் பொருந்துமா என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். டேங்க்கின் கடைசிக் கால் பகுதி அன்றாடப் பயணத்துக்கு உரியதன்று. அது நம் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் நேரக்கூடிய அவசரத்துக்கு உரிய இருப்பு. அதை நாள்தோறும் செலவழித்துவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயரிடுவது முறையன்று.

முள் சொல்வது உறுதியா, ஊகமா?

ஃபிக்ஹு படிக்கும் மாணவர்களுக்கு நாம் தொடக்கத்திலேயே கற்பிக்கும் பாடங்களுள் ஒன்று, யகீனுக்கும் ழன்னுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. யகீன் என்பது உறுதியான அறிவு. ழன்னு என்பது ஊகம். வண்டியின் எரிபொருள் முள் இவ்விரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது?

அது இயங்கும் முறையை அறிந்தால் விடை எளிதில் கிடைத்துவிடும். டேங்க்கின் உள்ளே எண்ணெயின் மீது ஒரு மிதவை மிதக்கிறது. அது ஒரு கம்பிக் கையின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கிறது. எண்ணெய் குறையும்போது மிதவை தாழ்கிறது, கை அசைகிறது, அந்த அசைவுக்கேற்ப மின்தடை மாறுகிறது, அந்த மாற்றமே ஓட்டுநரின் முன்னுள்ள முள்ளையோ திரையிலுள்ள கோடுகளையோ நகர்த்துகிறது. ஆக, முள் அளப்பது எண்ணெயின் அளவை அன்று. ஓரிடத்தில் எண்ணெய் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டுமே.

டேங்க் ஒரு செவ்வகப் பெட்டியாக இருந்தால் உயரமும் அளவும் ஒத்துப்போகும். ஆனால் காரின் டேங்க் இருக்கைக்குக் கீழும் அச்சுக்கு அருகிலும் கிடைத்த இடத்துக்கேற்ப வளைத்துச் செய்யப்படுகிறது. ஓரிடத்தில் அகன்றும் வேறோரிடத்தில் குறுகியும் இருக்கிறது. முள் பாதியில் நின்றால் பாதி எண்ணெய் இருக்கிறது என்பது பொருளன்று. முழு டேங்க்கிலிருந்து பாதிவரை மெதுவாக இறங்கும் முள், பாதிக்குப் பிறகு விரைந்து இறங்குவதைப் பல வண்டிகளில் காணலாம்.

மேலும், வண்டி சரிவில் நின்றால் எண்ணெய் ஒரு பக்கம் சாய்கிறது. மிதவையும் ஏறி இறங்குகிறது. ஒரு பக்கச் சக்கரங்களைத் தார்ச்சாலையிலும் மறுபக்கத்தைத் தாழ்ந்த மணலிலும் நிறுத்திப் பாருங்கள். சற்று நேரத்தில் முள் வேறு கணக்குச் சொல்லக்கூடும். கார் ஓடுகையில் எண்ணெய் அலைபாய்வதால் முள் துள்ளாதிருக்க, பொறியாளர்கள் அதன் அசைவை வேண்டுமென்றே தாமதப்படுத்தியும் இருக்கிறார்கள்.

இக்காலக் கார்களின் திரையில் "இன்னும் இத்தனை கிலோமீட்டர்" என்று தோன்றும் எண்ணைப் பலர் வேதவாக்காகக் கொள்கின்றனர். அது இதற்கு முன் ஓடிய தூரத்தில் வண்டி எவ்வளவு எண்ணெய் குடித்தது என்பதைக் கொண்டு போடும் கணக்கு. திருநெல்வேலியிலிருந்து நான்குவழிச் சாலையில் ஒரே சீராக வந்தவருக்கு அது தாராளமான எண்ணைக் காட்டும். அவரே தூத்துக்குடி நகருக்குள் நுழைந்து, ஏசியைப் போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்தால் அந்த எண் மளமளவெனச் சரியும். நேற்றைய செலவைக் கொண்டு நாளைய செலவைச் சொல்வது ஊகமேயன்றி உறுதியன்று.

ரிசர்வ் என்னும் சொல் நம் மக்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும் பெட்ரோல் முள்ளே இல்லாத வண்டிகள் பல. டேங்க்கின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதனுள் இரண்டு வழிகள்: ஒன்று உயரத்தில், மற்றொன்று அடிமட்டத்தில். உயரமான வழியில் பெட்ரோல் தீர்ந்ததும் வண்டி திணறும். ஓட்டுபவர் கையை நீட்டித் திருகை ரிசர்வுக்குத் திருப்புவார். அடியில் மீதமிருக்கும் பெட்ரோல் எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். அது யகீன். இன்று அந்தத் திருகு பெரும்பாலும் மறைந்துவிட்டது. சொல் மட்டும் எஞ்சியிருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியும்போது எத்தனை லிட்டர் மிச்சம் என்பது வண்டிக்கு வண்டி மாறுபடுகிறது. தம் வண்டியின் கையேட்டைப் பிரித்துப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்?

ஊகத்தை உறுதியாகக் கொள்வதால் விளையும் கேட்டுக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானத்தில் எரிபொருள் காட்டிகள் வேலை செய்யவில்லை. குச்சியை விட்டு அளந்து, கணக்குப் போட்டுப் பறந்தார்கள். லிட்டரை எடையாக மாற்றியபோது கிலோகிராமுக்குப் பதிலாகப் பவுண்டுக்கு உரிய எண்ணைப் பயன்படுத்திவிட்டனர். தேவைப்பட்டது 22,300 கிலோ. இருந்ததோ அதில் பாதிக்கும் குறைவு. 41,000 அடி உயரத்தில் எண்ணெய் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றன. கிம்லி என்னும் ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் விமானிகள் அதை மிதக்கவிட்டு இறக்கினர். அதிலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். எனினும் விமானத் துறை அந்த நற்பேற்றை நம்பி இருந்துவிடவில்லை. இன்று ஒரு ஜெட் விமானம் தரையிறங்கும்போது, மேலும் 30 நிமிடம் பறப்பதற்கான எரிபொருள் அதில் மிஞ்சியிருக்க வேண்டும். அந்த இருப்பைத் தொட்டே இறங்க வேண்டும் என்ற நிலை வந்தால் விமானி அபாய அறிவிப்பே செய்தாக வேண்டும். அவர்களுக்கு ரிசர்வ் என்பது தொடக்கூடாத பொருள். நமக்கோ அது அன்றாடச் செலவு.

நடுவழியில் நின்றால்

"தீர்ந்தால் என்ன? பாட்டிலில் வாங்கி வந்து ஊற்றிக்கொள்ளலாமே" என்பார் சிலர். ஓடும் வண்டியில் எஞ்சின் திடீரென அணைந்தால் நேர்வது என்ன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பல கார்களில் பிரேக்குக்கு உதவும் விசை எஞ்சினிலிருந்தே கிடைக்கிறது. எஞ்சின் நின்றபின் ஓரிரு முறை அழுத்தும் அளவுக்கே அந்த உதவி மிஞ்சும்; அதன்பின் பெடல் கல்லாகிவிடும். சில வண்டிகளில் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். துறைமுகத்தை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் விரையும் சாலையில், இருபுறமும் உப்பளம் மட்டுமே விரிந்து கிடக்கும் இடத்தில், குடும்பத்தோடு இருட்டில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். பின்னால் வருபவரின் உயிருக்கும் நின்ற வண்டி ஆபத்தாகிறது. தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குப் பதிலாகத் தீங்கு செய்வதும் கூடாது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி, மார்க்கச் சட்டத்தின் பெரும் அடிப்படைகளுள் ஒன்று என்பது நாம் அறிந்ததே.

வண்டிக்கும் கேடு உண்டு. இன்றைய பெட்ரோல் கார்களில் எண்ணெயை இறைக்கும் மின்பம்பு டேங்க்கின் உள்ளேயே இருக்கிறது. சுற்றியிருக்கும் பெட்ரோலே அதைக் குளிர்விக்கிறது. எண்ணெய் எப்போதும் அடிமட்டத்தில் இருந்தால் பம்பு சூடேறி அதன் ஆயுள் குறையும். டீசல் வண்டியிலோ எண்ணெய் தீர்ந்தால் குழாய்களில் காற்று புகுந்துவிடும். டீசல் ஊற்றினாலும் காற்றை வெளியேற்றாமல் பல வண்டிகள் கிளம்பா. உயர் அழுத்தப் பம்புக்கு டீசலே மசகெண்ணெயும் ஆவதால், அது வறண்டு ஓடினால் பழுது பெருஞ்செலவில் கொண்டுபோய் விடும். சிக்கனம் என்று நினைத்தது மெக்கானிக்கின் பட்டியலில் போய் முடியும்.

கடலோரத்தில் வாழும் நமக்கு இன்னொன்றும் உண்டு. இப்போது விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாயிற்று. எத்தனாலுக்கு ஈரத்தை ஈர்க்கும் இயல்பு உண்டு. டேங்க்கில் காலியிடம் மிகுந்தால் நம் உப்புக்காற்றின் ஈரத்துக்கும் அங்கே இடம் மிகுதி. வளைகுடாவிலும் மலேசியாவிலும் பணிபுரிவோர் ஊரில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுச் செல்வது வழக்கம். அவர்கள் டேங்க்கை வற்றவிட்டுச் செல்லாதிருப்பது நலம்.

2023 டிசம்பர் கற்றுத்தந்தது

இவை எல்லாவற்றையும்விட வலுவான சான்று நம் வாசலிலேயே நிகழ்ந்தது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைகடந்தது. சாலைகள் அறுந்தன, மின்சாரம் நின்றது, கைப்பேசிகள் ஊமையாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் சிக்கிக்கொண்டதை நாடே பார்த்தது.

முதல் நாளில் எந்த வண்டியும் ஓடியிருக்க முடியாது என்பது உண்மைதான். தண்ணீர் வடியத் தொடங்கிய பிறகு வரும் நாட்களைப் பற்றியே நாம் பேசுகிறோம். சாலை அறுந்தால் டேங்கர் லாரி வராது. மின்சாரம் இல்லாமல் ஜெனரேட்டரும் ஓடாவிட்டால் பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் எண்ணெய் இருந்தும் அதை மேலே ஏற்ற இயலாது. அத்தகைய நேரத்தில் டயாலிசிஸ் செய்தாக வேண்டிய வாப்பா, பிரசவ வலி கண்ட பக்கத்து வீட்டுப் பெண், குழந்தைக்குப் பால்மாவு தேடும் தாய் ஆகியோருக்கு, தெருவில் நிற்கும் வண்டிகளுள் எவை பயன்படும்? முந்திய நாள் மாலை யாருடைய டேங்க்கில் மிச்சம் இருந்ததோ அவருடைய வண்டி மட்டுமே.

கடலுக்கு அப்பால் நம் உறவினர் வாழும் இலங்கையில் 2022இல் எண்ணெய்க்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். பிறகு கியூஆர் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லிட்டர், காருக்கு 20 லிட்டர் என்று அளந்து கொடுக்கப்பட்டது. எண்ணெய் எப்போதும் அடுத்த திருப்பத்தில் கிடைக்கும் என்பதும் ஓர் ஊகமே என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டார்கள்.

மிச்சம் வைப்பதை மார்க்கம் எவ்வாறு பார்க்கிறது?

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு பொறுப்பைச் சாட்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. இதை மேடைதோறும் கேட்கிறோம். நாம் இங்கு இன்னொரு சட்டத்தின்பால் கவனத்தை ஈர்க்க விரும்புகிறோம்.

பயணி ஒருவரிடம் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. தொழுகை நேரம் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரால் உளூச் செய்ய முடியும். ஆனால் அதைச் செலவழித்துவிட்டால் தாகத்துக்கு நீர் இராது. நம் பகுதியினர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் என்ன சொல்கின்றன? நீரை வைத்துக்கொண்டு மண்ணால் தயம்மும் செய்து தொழலாம் என்கின்றன. அந்தத் தாகம் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உடன் வருபவருடையதாக இருக்கலாம், ஒரு கால்நடையுடையதாகவும் இருக்கலாம். அது இப்போதைய தாகமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இனி வரக்கூடிய தாகமாயினும் போதும்.

சகோதரர்களே, இதன் ஆழத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தொழுகைக்கான தூய்மையைக் காட்டிலும், நாளை ஒரு மிருகத்துக்கு வரக்கூடிய தாகத்துக்கென நீரை ஒதுக்கிவைப்பதற்கு மார்க்கம் இடமளித்திருக்கிறது. இருப்பை ஒதுக்குவது ஈமானின் குறையாக இருந்தால் இவ்வாறு சட்டம் அமைந்திருக்குமா? உளூவுக்கே கொடுக்காமல் காக்கத்தக்க இருப்பை, கடைத்தெருவுக்கு ஒரு சுற்றுப் போய்வருவதற்காக நாம் தீர்க்கிறோம் என்றால், அதைத் தவக்குல் என்று எவ்வாறு அழைப்பது?

இதை நம் கடற்கரையின் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. அதற்கு முன், மூச்சுக்கருவி ஏதுமின்றிக் கல்லின் கனத்தால் கடலடிக்கு இறங்கிய குளியாளிக்கு இருந்ததெல்லாம் ஒரே மூச்சு. கண்ணெதிரே சிப்பிகள் இன்னும் கிடந்தாலும், மேலே வரும் வழிக்கு மூச்சு மிஞ்சியிருக்கும்போதே அவர் கயிற்றை அசைத்தாக வேண்டும். மேலே வருவதற்கான மூச்சு சிப்பி பொறுக்குவதற்கு உரியதன்று.

இரண்டு மறுப்புகள்

"தினக்கூலிக்கு உணவு கொண்டுசெல்லும் இளைஞன் நூறு ரூபாய்க்குத்தான் பெட்ரோல் போட முடிகிறது. அவனுக்கு இதைச் சொல்லலாமா?" என்பது நியாயமான கேள்வி. லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் அவனுடைய நெருக்கடியை நாம் இலேசாகக் கருதவில்லை. எனினும் கணக்கைப் பாருங்கள். 10 லிட்டர் டேங்க் கொண்ட வண்டியில் கால் பகுதி என்பது இரண்டரை லிட்டர். சுமார் 250 ரூபாய். இது தினந்தோறும் ஆகும் செலவன்று. ஒருமுறை சேர்த்துவிட்டால் பிறகு அன்றாடம் அதே நூறு ரூபாய்க்கே போடலாம். மாதச் செலவு ஒரு ரூபாயும் கூடாது. டேங்க்கில் உறங்கும் இருப்பு மட்டும் மாறும். அந்த முதல் 250 ரூபாயையும் திரட்ட முடியாதவருக்கு அதைக் கொடுத்து உதவுவது வசதியுள்ள நம் போன்றோர் செய்யத்தக்க சிறிய ஸதகா.

"எண்ணெய் நிறைய இருந்தால் எடை கூடி மைலேஜ் குறையும்" என்பது இரண்டாவது மறுப்பு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவே. காரில் கால் டேங்க் எண்ணெய் ஏழு கிலோ இருக்கலாம். ஒரு சிறு குழந்தையை ஏற்றிக்கொள்வதால் எவரும் மைலேஜ் குறைந்ததாகச் சொல்வதில்லை.

இரவல் வண்டி

நம் குடும்பங்களில் ஒரு வண்டியை நான்கு பேர் ஓட்டுவது இயல்பு. காக்காவின் பைக்கைத் தம்பி எடுத்துச் செல்கிறான். முள் அடிமட்டத்தில் படுக்கும்வரை ஓட்டிவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டிவிடுகிறான். ஃபஜ்ருக்குப் பிறகு அவசரமாகக் கிளம்பும் காக்கா நடுத்தெருவில் வண்டியைத் தள்ளுகிறார். இதில் சட்டமும் இருக்கிறது. இரவல் என்பது, பொருள் அப்படியே இருக்க அதன் பயனை மட்டும் நுகர்வது. வண்டி இரவல்தான். பெட்ரோலோ பயன்படுத்தினால் அழிந்துபோவது; அழிந்துபோவதை வாங்கிப் பயன்படுத்துவது கடனின் தன்மையுடையது. உடையவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி, எடுத்த அளவைத் திருப்பி நிரப்புவதே முறை. இதைப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுப்பது பெற்றோரின் கடமை.

ஆட்களை ஏற்றிச் செல்பவருக்குப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. 2022 ஜூலையில் கேரளத்தில் ஒருவருக்கு, பயணிகளுடன் போதிய எரிபொருள் இன்றி ஓட்டியதாக 250 ரூபாய் அபராதச் சீட்டு வந்ததைப் பலர் வேடிக்கைச் செய்தியாகப் பகிர்ந்தனர். அந்தச் சீட்டு பொருந்தாத ஒருவருக்குப் போனது வேடிக்கையாக இருக்கலாம். நம்பி ஏறியவரை நடுவழியில் இறக்கிவிடலாகாது என்று ஒரு சட்டம் நினைப்பதில் வேடிக்கை ஏதுமில்லை.

நாம் செய்யத்தக்கவை

கால் டேங்க்கையே பூஜ்யம் என்று கொள்ளுங்கள். முள் அங்கு வந்ததும் அன்றே நிரப்புங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி முள்ளைப் பாருங்கள். நிரப்பும் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரையும் லிட்டரையும் குறித்து வைத்தால், உங்கள் வண்டியின் உண்மையான செலவு ஓரிரு மாதங்களில் தெரிந்துவிடும். ஊகம் உறுதியை நெருங்கும். பங்க்கில் அளவில் ஐயம் எழுந்தால் 5 லிட்டர் முத்திரைக் குவளையில் அளந்து காட்டும்படி கேளுங்கள்; அது வாடிக்கையாளரின் உரிமை. வானிலை எச்சரிக்கை வந்ததும் பங்க்கில் கூடும் கூட்டத்தில் முண்டியடிக்க வேண்டாம். கால் டேங்க் வழக்கம் உள்ளவருக்கு அதற்குத் தேவையும் இராது. வீட்டில் பாட்டிலிலும் கேனிலும் பெட்ரோலைச் சேர்த்துவைப்பது தீவிபத்தை அழைப்பதாகும்; அதைச் செய்யாதீர்கள். தெருவுக்கு ஓரிரு வண்டிகளேனும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் எப்போதும் பாதி டேங்க்குடன் நிற்கும்படி ஜமாஅத்தார் தமக்குள் பேசி முறைவைத்துக்கொண்டால், அது நம் ஊருக்குப் பெரும் நன்மையாகும்.

இன்று மாலை வீடு திரும்பும்போது முள்ளை ஒருமுறை பாருங்கள். அது காட்டுவது நம்முடைய எண்ணெயை மட்டுமன்று. இன்றிரவு நம் கதவைத் தட்டக்கூடிய ஒருவருக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்பதையும்தான். பிறருக்குப் பயன்படும் அமானத்தைக் காப்பவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.